பனியின் நடுவே எரியும் மலை



தென்துருவக் கண்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும் வெண்பனியே ஆகும். அண்டார்க்டிகாவின் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு பனிப்பாளத்தால் மூடப்பட்டுள்ளது. எஞ்சிய சிறு பகுதியிலேதான் அக்கண்டத்தின் கல்லையும் மண்ணையும் மனிதன் தொட்டுப் பார்க்க இயலும். அப்பனியுலகின் ஓரத்திலே, ராஸ் தீவு என்னும் சிறு தீவிலே, இரவும் பகலும் புகைந்துகொண்டிருக்கும் மலை ஒன்று உண்டு. அதன் பெயர் எரிபஸ். கடல்நீரே உறைந்துபோகும் அவ்விடத்தில் கல்லை உருக்கும் நெருப்பு எங்கிருந்து வந்தது? அந்நெருப்பு வெளியே தள்ளிய கற்கள் எவற்றால் ஆனவை? அக்கற்களை அறிஞர்கள் ஏன் இத்துணை அரும்பாடுபட்டு ஆராய்கிறார்கள்? இவ்வினாக்களுக்கு விடை காண இத்திங்கள் சற்று முயல்வோம்.

இருளின் பெயர் பெற்ற மலை

1841-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், எரிபஸ், டெரர் என்னும் இரு பாய்மரக் கப்பல்களுடன் பனிக்கட்டிகளைப் பிளந்துகொண்டு தெற்கு நோக்கிச் சென்றார். அங்கே அவரும் அவருடைய மாலுமிகளும் கண்ட காட்சி அவர்களைத் திகைக்க வைத்தது. அடி முதல் முடி வரை பனி போர்த்திய பெருமலை ஒன்று தன் உச்சியிலிருந்து புகையையும் தழலையும் கக்கிக்கொண்டிருந்தது! ராஸ் அம்மலைக்குத் தம் கப்பலின் பெயரையே சூட்டினார். அருகிலிருந்த அவிந்த மலைக்கு மற்றக் கப்பலின் பெயர் கிடைத்தது. எரிபஸ் என்பது பண்டைக் கிரேக்கர் தம் கதைகளில் ஆதி இருளுக்கு இட்ட பெயராகும். ஆண்டில் பல திங்கள் கதிரவனையே காணாத அவ்விடத்திற்கு இது பொருத்தமான பெயர்தான்.

எரிபஸ் மலையின் உயரம் 3,794 மீட்டர். இதன் உச்சியை முதன்முதலாக மனிதன் மிதித்தது 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாளில். ஷாக்கிள்டன் தலைமையில் சென்ற குழுவைச் சேர்ந்த சிலரே இச்செயலை ஆற்றினர். அவர்களுள் நிலவியல் பேராசிரியரான எட்ஜ்வொர்த் டேவிட் அப்போது ஐம்பது அகவை நிரம்பியவர். அவருடைய மாணவரான டக்ளஸ் மாசனும் உடன் சென்றார். கடுங்குளிரால் அக்குழுவின் இளைஞர் ஒருவரின் கால்விரல் கருகிப் பின்னர் அதனை வெட்டி எடுக்க நேர்ந்தது. இவ்வளவு இடர்ப்பட்டு மேலே ஏறியவர்கள் உச்சியிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் யாவை? கந்தகமும், நுரைக்கற்களும், ஒரு வகைப் படிகங்களுமே. பொன்னோ மணியோ அல்ல. ஆயினும் அப்படிகங்களின் மதிப்பு, நாளடைவில் அறிவியலாருக்கு நன்கு விளங்கலாயிற்று.

1972-ஆம் ஆண்டில் எரிபஸின் வாய்க்குள் உருகிய குழம்பு ஓர் ஏரிபோல் தேங்கித் தளும்புவது கண்டறியப்பட்டது. அன்று முதல் அவ்வேரி பெரும்பாலும் அணையாமல் இருந்துவருகிறது. உலகில் இத்தகைய நிலையான தீயேரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அதன் வெப்பம் ஏறத்தாழ ஆயிரம் செல்சியசு பாகை. 1984-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இம்மலை சீற்றங்கொண்டு, பெரும் பெரும் தீக்கற்களை வாய்க்கு வெளியே வீசி எறிந்தது. இம்மலையைப் பற்றிய துயர நினைவு ஒன்றும் உண்டு. 1979-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், நியூசிலாந்திலிருந்து பனிக்கண்டத்தைக் காணப் பயணிகளுடன் வந்த விமானம் ஒன்று இம்மலைச் சரிவில் மோதி, அதிலிருந்த 257 பேரும் உயிரிழந்தனர். அந்நாட்டு மக்களுக்கு எரிபஸ் என்னும் சொல் இன்றும் நெஞ்சைக் கனக்கச் செய்வதாகும்.

மணிபோல் ஒலிக்கும் கல்

எரிபஸின் தீயேரியில் உள்ள குழம்பு குளிர்ந்து இறுகினால் கிடைக்கும் கல்லுக்கு ஃபோனோலைட் என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஒலிக்கும் கல்' என்பது இதன் பொருள். இக்கல்லின் மெல்லிய பலகையைச் சுத்தியலால் தட்டினால் மணியோசை போன்று ஒலிக்கும். அதனாலேயே இப்பெயர் வந்தது.

எரிமலைக் கற்களை வகைப்படுத்த நிலவியலார் முதலில் நோக்குவது அவற்றிலுள்ள சிலிக்காவின் அளவையே. நாம் ஆற்றுப் படுகையில் காணும் வெண்மணலின் பெரும்பகுதி சிலிக்காதான். அடுத்து அவர்கள் நோக்குவது சோடியம், பொட்டாசியம் என்னும் காரத் தனிமங்களின் அளவு. எரிபஸின் ஃபோனோலைட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பங்கு சிலிக்கா உள்ளது. சோடியம் ஆக்சைடு ஏறத்தாழ 9 பங்கும், பொட்டாசியம் ஆக்சைடு 4 பங்குக்கு மேலும் உள்ளன. இத்துணைக் காரச் செறிவு எரிமலைக் கற்களில் மிக அரிது. காரம் மிகுந்தும் சிலிக்கா போதாமலும் இருப்பதால், இக்கல்லில் குவார்ட்ஸ் என்னும் தனிச் சிலிக்காப் படிகம் தோன்றவே இயலாது. இருக்கும் சிலிக்கா முழுவதையும் ஏனைய கனிமங்களே பங்கிட்டுக் கொண்டுவிடும்.

அக்கனிமங்களுள் தலையாயது அனார்த்தோகிளேஸ் என்பதாகும். இது சோடியமும் பொட்டாசியமும் கலந்த ஃபெல்ஸ்பார் வகைப் படிகம். பெரும்பாலான எரிமலைகளில் படிகங்கள் அரிசி மணி அளவைத் தாண்டுவதில்லை. எரிபஸிலோ விரல் நீளத்திற்கும் வளர்ந்த படிகங்களைக் காணலாம். தீக்குழம்பின் கன அளவில் பத்துக்கு மூன்று பங்கு இப்படிகங்களே என்று கணித்துள்ளனர். சீற்றத்தின்போது வெளியே விழுந்த கற்கள் காற்றாலும் குளிராலும் சிதையும்போது, கண்ணாடி போன்ற கருமைப் பகுதி உதிர்ந்து, படிகங்கள் மட்டும் தரையில் சிதறிக் கிடக்கும். டேவிட்டும் மாசனும் பொறுக்கி வந்தவை இவையே.

இதில் மற்றுமொரு வியப்பும் உண்டு. இத்தகைய பெரும் படிகங்கள் பொதிந்த கல்லை, நிலநடுக்கோட்டின் அருகேயுள்ள கென்யா மலையில் ஜான் வால்டர் கிரிகரி என்னும் நிலவியலார் முன்னமே கண்டு, அம்மலையின் பெயராலேயே கெனைட் என்று அழைத்திருந்தார். வெப்ப மண்டலத்து ஆப்பிரிக்க மலையின் கல்லும் பனிக்கண்டத்து மலையின் கல்லும் உடன்பிறப்புகள்போல் ஒத்திருந்தன. இரண்டும் கண்டத்தின் மேலோடு இழுபட்டு விரிசல் காணும் இடங்களில் பிறந்தவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆக, தரைக்கு மேலே வீசுவது அனலா குளிரா என்பது கல்லின் பிறப்பிற்கு ஒரு பொருட்டே அன்று. தரைக்குக் கீழே நிகழ்வதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

உப்பளம் கற்பிக்கும் பாடம்

ராஸ் தீவிலே ஃபோனோலைட் மட்டுமன்றி, பாசனைட் என்னும் கரிய கல்லும் ஏராளமாக உள்ளது. இதில் சிலிக்கா நூற்றுக்கு ஏறத்தாழ 42 பங்குதான். மக்னீசியமும் இரும்பும் கால்சியமும் மிகுதி. பார்வைக்கும் பண்புக்கும் முற்றிலும் வேறுபட்ட இவ்விரு கற்களும் தாயும் சேயும் ஆகும் என்று அறிஞர் கூறுகின்றனர். அஃதெங்ஙனம்?

இதனைப் புரிந்துகொள்ள உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, அதிலுள்ள பொருள்கள் அனைத்தும் ஒரே வேளையில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிகின்றன. அதன் பின்னரே கறியுப்பு படிகமாகிறது. எஞ்சி நிற்பது மக்னீசிய உப்புகள் செறிந்த கசப்பு நீர். தொடக்கத்தில் இருந்த கடல்நீருக்கும் முடிவில் எஞ்சும் கசப்பு நீருக்கும் எத்துணை வேறுபாடு! ஆயினும் புதிதாக ஒரு துளியும் வெளியிலிருந்து சேரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சில பொருள்கள் பிரிந்து போனமையே இம்மாற்றத்திற்குக் காரணம்.

பூமிக்கடியில் தேங்கிய பாறைக் குழம்பிலும் இதுவே நிகழ்கிறது. அங்கே வெயிலுக்குப் பதிலாகக் குளிர்ச்சி வேலை செய்கிறது. பாசனைட் குழம்பு மெல்ல ஆறும்போது முதலில் ஆலிவின், பைராக்சீன் என்னும் படிகங்களும், இரும்பும் டைட்டேனியமும் கலந்த கனிமங்களும் பிரிகின்றன. இவை மக்னீசியம், இரும்பு, கால்சியம் ஆகியவற்றைத் தம்முடன் கொண்டு அடியில் தங்கிவிடுகின்றன. இவற்றிற்கு வேண்டாத சோடியம், பொட்டாசியம் முதலியன எஞ்சிய குழம்பிலே செறிகின்றன. சிலிக்காவின் விழுக்காடும் உயர்கிறது. தாய்க்குழம்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் இருந்த மக்னீசியம் ஆக்சைடு, இறுதியில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. இவ்வாறு தாய்க்குழம்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு படிகமாகிப் பிரிந்த பின்னர் எஞ்சும் நான்கில் ஒரு பங்கே ஃபோனோலைட் என்று கணக்கிட்டுள்ளனர். 1970-களில் ராஸ் தீவிலே துளையிட்டு எடுத்த கல்தண்டுகளும், மலைச்சரிவுகளில் திரட்டிய கற்களும், இடைப்பட்ட நிலைகளையெல்லாம் படிப்படியாகக் காட்டி இக்கருத்துக்கு அரண் செய்தன.

'கண்டத்தின் மேலோட்டுப் பாறைகளை உருக்கிக் கலந்துகொண்டதால் குழம்பு மாறியிருக்கலாம் அல்லவா?' என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வியே. இதற்கு விடை கூறுவது ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமம். இத்தனிமத்தில் 86, 87 என நிறை எண்ணால் வேறுபட்ட வகைகள் உண்டு. ருபீடியம் என்னும் தனிமத்தின் ஒரு வகை மெல்ல மெல்லச் சிதைந்து 87-ஆம் வகை ஸ்ட்ரான்ஷியமாக மாறுகிறது. கண்டத்தின் பழைய மேலோட்டில் ருபீடியம் மிகுதி. ஆகவே அங்கே 87-ஆம் வகையின் விகிதம் காலப்போக்கில் உயர்ந்து, 0.71-க்கும் மேலே சென்றிருக்கும். படிகங்கள் பிரிவதால் இவ்விகிதம் மாறுவதில்லை. வேற்றுப் பாறை கலந்தால்தான் மாறும். எரிபஸின் பாசனைட்டிலும் ஃபோனோலைட்டிலும் இவ்விகிதம் ஒன்றுபோல் ஏறத்தாழ 0.703 என்றே உள்ளது. எனவே சேய் தாயிடமிருந்தே பிறந்தது; மேலோட்டின் கலப்பு மிகச் சிறிதே என்பது உறுதியாகிறது. அம்மலையின் டிராக்கைட் என்னும் ஒரு சில கற்களில் மட்டுமே அக்கலப்பின் அடையாளம் தென்படுகிறது.

தாய்க்குழம்பின் ஊற்று

அப்படியானால் அத்தாய்க்குழம்பு எங்கிருந்து வந்தது? மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசம் என்னும் அடுக்கிலிருந்தே வந்தது. கவசம் என்பது உருகிய கடல் அன்று. அது கெட்டியான பாறையே. ஆங்கே வெப்பம் மிகுதியாயினும், மேலேயுள்ள பாறைகளின் அழுத்தம் அதனை உருகவிடாமல் தடுக்கிறது. நம் இல்லங்களில் உள்ள பிரஷர் குக்கரில், அழுத்தத்தின் காரணமாக நூறு பாகையைத் தாண்டியும் நீர் எளிதில் ஆவியாவதில்லை. அழுத்தம் நீங்கிய கணத்தில் குபீரென்று ஆவியாகிறது. அதுபோலவே, மேலோடு இழுபட்டு மெலிந்து கவசம் மேலெழும்பினால், அழுத்தம் குறைந்து அதன் ஒரு சிறு பகுதி உருகுகிறது.

அண்டார்க்டிகாவின் கிழக்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றிலிருந்து ஒன்று விலகி இழுபட்டுள்ளன. அதனால் உண்டான பெரும் பிளவுப் பள்ளத்தின் ஓரத்திலேதான் ராஸ் தீவு அமைந்துள்ளது. அங்கே மேலோட்டின் கனம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். கவசப் பாறையில் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே உருகுவதால், எளிதில் உருகு நிலைக்கு வரும் காரத் தனிமங்களும் கரியமில வாயுவும் அச்சிறு குழம்பில் வந்து செறிகின்றன. எரிபஸின் கற்கள் காரம் மிகுந்திருப்பதன் வேர் இதுவே. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாறைகளின் மின்கடத்தும் திறனை அளந்து, கவசத்திலிருந்து மேலே வரும் குழம்பின் பாதையைப் படம்போல் வரைந்து காட்டியது.

எனினும் அறிஞரிடையே இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. பூமியின் பேராழத்திலிருந்து எழும் வெப்பத் தூண் ஒன்று இம்மலைக்கு ஊட்டமளிக்கிறது என்பது ஒரு சாரார் கொள்கை. அத்தகைய தூண் வேண்டியதில்லை, மேலோடு இழுபட்டதும், பண்டைக் காலத்தில் திரவங்கள் ஊடுருவிப் பதப்பட்டிருந்த கவசமும் போதும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவ்வழக்கில் சாட்சியாக நிற்பது காரீயம். யுரேனியம் சிதைந்து உண்டாகும் காரீய வகை எரிபஸ் கற்களில் மிகுந்துள்ளது. நெப்போலியன் சிறையிருந்த செயின்ட் ஹெலினாத் தீவின் கற்களிலும் இதே பண்பு காணப்படுகிறது. நியூசிலாந்திலும் இதனை ஒத்த கற்கள் உண்டு. ஆயினும் இச்சாட்சியை இரு சாராரும் தத்தம் கொள்கைக்கேற்பப் பொருள் கொள்கின்றனர்!

கண்டம் பிளந்த காலத்துக் கற்கள்

எரிபஸ் வயதில் இளைய மலை. அதன் தோற்றம் ஏறத்தாழ 13 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதற்கு எதிரே, கண்டத்தை ஊடறுத்து நிற்கும் பெருமலைத் தொடரில் அதனினும் மிக மூத்த தீக்கற்கள் உள்ளன. மஞ்சள் நிற மணற்பாறைகளினிடையே கரிய பட்டைகளாக அவை தோன்றும். 1901 முதல் 1904 வரை ஸ்காட் தலைமையில் சென்ற முதற் பயணக் குழுவின் நிலவியலாரான ஹார்ட்லி ஃபெரார் என்பவரின் பெயரால் அவை ஃபெரார் பாறைகள் எனப்படுகின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 18 கோடியே 30 இலட்சம் ஆண்டுகள். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா, அண்டார்க்டிகா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே நிலமாக இணைந்திருந்து, பின்னர் பிளவுபடத் தொடங்கிய காலம் அது. நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலத்திலிருந்தே அப்பெருநிலத்திற்குப் பெயர் வந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஃபெரார் பாறைகளில் சிலிக்கா மிகுதி, காரம் குறைவு. ஸ்ட்ரான்ஷிய விகிதமோ 0.709-க்கும் மேலே. அதாவது எரிபஸுக்கு நேர் எதிர்மாறான குணம்! ஒரே கண்டத்தில், ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரு மலைகளில், இரு வேறு பிறப்புக் கதைகள் எழுதப்பட்டுள்ளன. ஃபெரார் பாறைகளை அப்படியே ஒத்த கற்கள் ஆஸ்திரேலியாவை அடுத்த டாஸ்மேனியாத் தீவிலும் உள்ளன. கடல் பிரித்த உறவைக் கல் காட்டிக் கொடுக்கிறது.

கல்லே கடிகாரம்

'இவையெல்லாம் அறிவுக்கு விருந்தே. ஆயினும் வாழ்வுக்கு இவற்றால் என்ன பயன்?' என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். அவ்வினாவிற்கு விடை கடற்கரையிலே உள்ளது.

மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்பாளத்தில், கடல்மட்டத்திற்குக் கீழான தரையில் அமர்ந்துள்ள பகுதி முழுவதும் கரைந்தால், உலகெங்கும் கடல்மட்டம் 3 மீட்டருக்கு மேல் உயரும். அப்பனி முன்னொரு காலத்தில் கரைந்ததுண்டா, எத்தகைய வெப்பநிலையில் கரைந்தது என்பதை அறிவது கடலோரத்தில் வாழும் கோடானுகோடி மக்களுக்கு இன்றியமையாதது. ஆனால் பனி தன் வரலாற்றைத் தானே எழுதி வைப்பதில்லை. கரைந்தால் சுவடின்றிப் போய்விடும். அவ்வரலாற்றுக்கு ஆண்டுக்கணக்கு எழுதி வைத்தவை எரிமலைக் கற்களே.

பொட்டாசியத்தின் ஒரு வகை மிக மெல்லச் சிதைந்து ஆர்கான் என்னும் வாயுவாகிறது. அதில் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள் ஆகும். குழம்பு உருகிய நிலையில் இருக்கும்போது ஆர்கான் பெரும்பாலும் தப்பி ஓடிவிடும். படிகம் இறுகிய பின்னரோ உள்ளேயே சிறைப்படும். சிறைப்பட்ட வாயுவை அளந்தால் கல் பிறந்த காலம் தெரிந்துவிடும். பொட்டாசியம் மிகுந்த எரிமலைப் படிகங்களும் சாம்பலும் இதற்கு ஏற்ற கடிகாரங்கள். காரம் மிகுந்த அவ்வட்டாரத்து மலைகள், தம் குணத்தாலேயே, இத்தகைய கடிகாரங்களை வாரி இறைத்துள்ளன.

2006, 2007-ஆம் ஆண்டுகளில் ராஸ் தீவினை அடுத்த மிதக்கும் பனித்தட்டைத் துளைத்து, கடலடியிலிருந்து 1,285 மீட்டர் நீளக் கல்தண்டு ஒன்றை ஆராய்ச்சியாளர் வெளியே எடுத்தனர். அதிலே, பனியாறு அரைத்துக் கொட்டிய கற்குவியலும், திறந்த கடலில் மட்டுமே வாழும் நுண்ணிய பாசிகளின் படிவும் மாறி மாறி அமைந்திருந்தன. அதாவது பனி பலமுறை முன்னேறியும் பலமுறை பின்வாங்கியும் இருக்கிறது. இடையிடையே படிந்திருந்த எரிமலைச் சாம்பலின் வயதைக் கொண்டு, ஏறத்தாழ 50 இலட்சம் முதல் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், உலகம் இன்றைவிடச் சற்றே வெப்பமாக இருந்த காலத்தில், பனி மீண்டும் மீண்டும் விலகிக் கடல் திறந்து கிடந்தது என்று காட்டினர். எரிமலைக் கல் இல்லையேல் இக்கணக்கு இத்துணைத் துல்லியமாக அமைந்திராது.

கெனைட் கல்லும் இப்பணியில் துணை நிற்கிறது. ராஸ் தீவுக்கு மேற்கே, கடலுக்கு அப்பால், கெனைட் மலையே இல்லாத கரையில், கெனைட் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. தம் பெரும் படிகங்களால் அவை ஐயமின்றி அடையாளம் காணப்படுகின்றன. கல்லுக்குக் காலில்லை. ஆகவே முற்காலத்தில் பனிப்பாளம் பருத்துக் கடலையே நிரப்பி, அவற்றைச் சுமந்து சென்று அங்கே இறக்கி வைத்தது என்பது தெளிவு. பனி எவ்விடம் வரை பரவியிருந்தது என்பதற்கு அக்கற்களே எல்லைக் கற்கள்.

இன்னொன்றையும் கூறிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, மேற்கு அண்டார்க்டிகாவின் பிளவுப் பகுதியில், பெரும்பாலும் பனிக்கடியில், 138 எரிமலைகள் இருப்பதாகக் கணக்கிட்டது; அவற்றுள் 91 முன்னர் அறியப்படாதவை. இதனைக் கேட்ட சிலர், 'பனி கரைவதற்கு எரிமலைகளே காரணம். மனிதன் மீது பழியில்லை' என்று கூறத் தொடங்கினர். இது தவறான முடிவு. அவ்வெரிமலைகளுள் பல அவிந்துபோனவையாகவே இருக்கலாம். அவ்வாய்வு வடிவத்தைக் கண்டதேயன்றி நெருப்பைக் கண்டதன்று. பூமிக்கடியிலிருந்து வரும் வெப்பம் பல்லாயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பது. அண்மைக் காலத்தில் பனி விரைந்து இழக்கப்படுவதற்குத் தலையாய காரணம், வெம்மை மிகுந்த கடல்நீர் பனித்தட்டின் அடியைக் கரைப்பதே என்று அளவைகள் காட்டுகின்றன. நெருப்பு மலையின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள இயலாது.

அன்பர்களே, 1908-இல் உச்சியேறியவர்கள் பைநிறையக் கொண்டுவந்தது வெறும் கற்களையே. ஆனால் அவற்றை ஒத்த கற்களைக் கொண்டே பூமியின் உள்ளே நிகழும் உருக்கத்தையும், கண்டங்களின் பிரிவையும், பனியின் ஏற்றத் தாழ்வையும் இன்று நாம் அறிகிறோம். பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் சாலையோரத்துக் கல்லொன்றைக் கையில் எடுத்து, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால், 'அது வெறும் கல்' என்று சொல்லித் தட்டிவிடாதீர்கள். அக்கேள்வியைத் துருவம் வரை தொடர்ந்து சென்றவர்களால்தான், நாளை நம் கரையைத் தொடப்போகும் கடலைப் பற்றி இன்றே நாம் அறிய முடிகிறது.